மூன்று நிமிடம் பேசலாம்

காவலர் பயிற்சி முகாமிலிருந்து வந்த பழுப்பு உறையைச் சின்னவள் பிரித்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். உள்ளே இரண்டே தாள்கள்தான். முதல் தாளில் கொண்டுவர வேண்டிய பொருள்கள், மொத்தம் நாற்பத்தோரு உருப்படி. காலுறை எட்டு ஜோடி, பூட்டு இரண்டு, நகவெட்டி ஒன்று என்று கல்யாணச் சீர் மாதிரி நீண்டுகொண்டே போயிற்று. இரண்டாவது தாளில் நாலே வரி. முகாமுக்குள் கைபேசி கிடையாது. இரண்டாம் வாரத்தில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு எண்ணுக்கு, மூன்று நிமிடம் பேசலாம். அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டு, சேரும் அன்று வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும்.

சேருவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வீட்டிலிருந்து அந்த முகாமுக்குப் போகிற முதல் ஆள் சின்னவள் இல்லை. நாலு வருஷம் முன்னால் அவள் அண்ணன், நம் பெரியவன், போனான். பத்தொன்பதாம் நாள் பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்தான். கேட்டதற்கு முட்டி வலி என்றான். அந்த முட்டியை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு லிஃப்ட் மெக்கானிக்காக ஊரில் இருக்கிற மாடியெல்லாம் ஏறி இறங்குகிறான். ஆனாலும் யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை. அப்பாவோ பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை லாரியை விட்டு இறங்கி வீட்டுக்கு வருகிறவர், வந்ததும் தூங்குகிறவர்.

அம்மா மட்டும் ஒன்றை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பாள். "பத்தொன்பது நாள் இருந்தான். பெத்தவளுக்கு ஒரு போன் பண்ணணும்னு தோணலையே அவனுக்கு!" உறவில் இதைக் கேட்காத காது பாக்கி இல்லை. சொல்லும்போதெல்லாம் பெரியவன் பக்கத்திலேயே உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்தப் பெண்ணாவது போன காரியத்தை முடித்துவிட்டு வர வேண்டும். அம்மாவுக்கு இப்போது இருப்பது அந்த ஒரு ஆசைதான்.

அன்று சனிக்கிழமை. அம்மா வேலை முடிந்து வீட்டுப் படியேறும்போது மதியம் இரண்டரை. மின்சாரம் போனால் ஊர் கூப்பிடுகிற புகார் எண் இருக்கிறதே, அதன் மறுமுனையில் உட்கார்ந்திருக்கிற எட்டுப் பேரில் அம்மாவும் ஒருத்தி. முந்தின நாள் எங்கோ ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோய், பாதி ஊர் இருட்டாகிவிட்டது. காலை ஐந்தரையிலிருந்து நூற்றெழுபது பேர் அவள் காதுக்குள் கத்தியிருந்தார்கள். ஹெட்போனைக் கழற்றி ஒரு மணி நேரம் ஆகியும் காது சூடாகவே இருந்தது.

கதவைத் திறந்தால் வீட்டிலும் கத்தல்.

"நிக்கிற லட்சணத்தைப் பாரு! முதுகுல இருக்கிறது எலும்பா, ஈரத்துணியா?"

"எலும்பு ஐயா!"

"அப்புறம் ஏன் தொங்குது? நீயெல்லாம் எதுக்கு வந்த இங்க? சோறு கிடைக்கும்னா?"

"இல்லை ஐயா!"

கூடத்தில் ஃபிரிட்ஜைப் பார்த்தபடி சின்னவள் விறைப்பாக நின்றிருந்தாள். காலில் புது பூட்ஸ், முதுகில் பை. பைக்குள் லிஃப்ட் மோட்டாரிலிருந்து கழித்த பல்சக்கரம் ஒன்று, ஒன்பது கிலோ. எதிரே பெரியவன், இடுப்பில் கைவைத்துக்கொண்டு.

இது பத்து நாளாக நடக்கிற பாடம். "ஓட்டத்துக்குக் கால் தானாப் பழகிடும். தண்டாலுக்குக் கை பழகிடும். திட்டு வாங்கத்தான் யாரும் பழகிட்டுப் போறதில்லை" என்று பெரியவன்தான் ஆரம்பித்தான். தினமும் இருபது நிமிஷம். சிரிக்கக் கூடாது, அழக் கூடாது, கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. முதல் நாள் சின்னவள் நாலாவது நிமிஷத்தில் "போடா" என்று சொல்லிவிட்டுச் சோபாவில் விழுந்து சிரித்தாள். இப்போது கண் இமைகூட ஆடுவதில்லை.

"கீழ் வீட்டுக்காரங்க மறுபடி வந்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா செருப்பைக் கழற்றினாள்.

"பூட்ஸ் சத்தத்துக்கு மட்டும்தான் வந்தாங்க. திட்டு அவங்களுக்குப் பிடிச்சிருக்காம்" என்றான் பெரியவன். பிறகு தொண்டையைத் தடவிக்கொண்டான். "அம்மா, என்கிட்ட சரக்கு தீர்ந்துபோச்சு. சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்கேன். நீ கொஞ்சம் திட்டேன்."

"நானா? எனக்கு வாங்கத்தான்டா தெரியும்."

"இன்னைக்கு வாங்கினதை அப்படியே எடுத்து விடு. அது போதும்."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, மளிகைச் சாமான் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"உனக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடா. வாயில என்ன, கொழுக்கட்டையா. இங்க குழந்தை வேர்த்துச் சாகுது, நீ ஏசியில உக்காந்து கதை பேசுற. உன் வீட்ல கரண்ட் இருக்கா, அதைச் சொல்லு முதல்ல. பேரு என்ன உன் பேரு, வேலையை விட்டுத் தூக்குறேன் பாரு. நீ உருப்படவே மாட்ட. உன் பிள்ளைங்களும் உருப்படாது..."

"அம்மா" என்றாள் சின்னவள்.

விறைப்பு போய்விட்டது. பையோடு சேர்ந்து தோள் இறங்கிவிட்டது. மூன்று விதியில் இரண்டை ஒரே நேரத்தில் மீறிக்கொண்டு, கண்ணில் நீரோடு அம்மாவைப் பார்த்தாள். "தினமும் இப்படியா உன்னைத் திட்டுறாங்க?"

"தினமும் இல்ல. கரண்ட் போற அன்னைக்கு மட்டும்."

"நீ என்ன சொல்லுவ?"

"உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம், சிரமத்துக்கு வருந்துறோம்னு சொல்லுவேன். வேற என்ன சொல்றது? அட்டையில அச்சடிச்சு ஒட்டியிருக்கான், அதைத் தாண்டிப் பேசினா மேல்பார்வைக்காரர் வருவார்." அம்மா எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு பத்து நிமிஷம் படுக்கணும். தலை கிண்ணுங்குது."

"படும்மா. ஆனா எழுந்ததும் எனக்கு ஒரு வேலை இருக்கு உன்கிட்ட" என்றாள் சின்னவள். "அந்த மூணு நிமிஷ போன். அதையும் பழகிக்கணும். பேச ஆரம்பிச்சா என்ன சொல்றதுன்னு தெரியாம, சாப்பிட்டியா தூங்கினியான்னே மூணு நிமிஷமும் போயிடும். நான் உள்ரூம்ல இருந்து கூப்பிடுறேன். நீ நிஜமா எடுக்கிற மாதிரி எடு. அண்ணன் வாட்ச்சைப் பார்க்கட்டும்."

பெரியவன் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனான்.

அம்மா சோபாவில் சாய்ந்தாள். கைபேசியை மார்பின்மேல் வைத்துக்கொண்டு, "கூப்பிடு, எடுக்கிறேன்" என்று சொன்னாள். அதைச் சொல்லி முடிக்கும்போதே பாதி தூங்கிவிட்டாள்.

முக்கால் மணி நேரம் அம்மாவைத் தூங்கவிட்டுத்தான் சின்னவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், நல்ல பெண். பெரியவன் கைக்கடிகாரத்தோடு இரண்டு அறைக்கும் நடுவில் வந்து நின்றான்.

மணி அடித்தது. இரண்டாவது மணி. மூன்றாவது மணிக்கு அம்மாவின் கை தானாக எழுந்து கைபேசியைக் காதில் வைத்தது. கண் திறக்கவில்லை.

"அம்மா, நான்தான்" என்று உள்ளேயிருந்து சின்னவளின் குரல் கதவு வழியாகவும் கைபேசி வழியாகவும் கேட்டது.

"வணக்கம். மின் புகார் மையம். உங்க புகாரைச் சொல்லுங்க."

"அம்மா! நான் உன் பொண்ணு!"

"உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம். வரிசைப்படி ஆள் வருவாங்க. சிரமத்துக்கு வருந்துறோம்." கட்டைவிரல் சிவப்புப் பொத்தானை அழுத்தியது. கை மறுபடி மார்பின்மேல் இறங்கியது. சின்னதாக ஒரு குறட்டை.

சின்னவள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. "அண்ணா, பாத்தியா? அம்மா என்னை வரிசையில நிக்க வெச்சுட்டாங்க! அம்மா, எழுந்திரு, என் கரண்ட் எப்ப வரும்?"

அம்மா திடுக்கிட்டு எழுந்து, நடந்ததைக் கேட்டுவிட்டுத் தானும் சிரித்தாள். "தூக்கத்துலயும் வேலை பாக்குறேன் பாரு. இதுக்குத் தனியாச் சம்பளம் கேக்கணும்."

பெரியவன் சிரிக்கவில்லை. பேயறைந்த மாதிரி நின்றிருந்தான்.

"என்னடா?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்ல."

"மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?"

"அன்னைக்கும் இதேதான் சொன்ன."

"என்னைக்கு?"

"பதினேழாம் நாள்" என்றான் பெரியவன். "அந்தப் புயல் வந்து ஊரே மூணு நாள் இருட்டுல கிடந்ததே, அந்த வாரம். எங்களுக்கு ரெண்டாம் வாரம் தர வேண்டிய போனை மழைனால மூணாம் வாரம்தான் தந்தாங்க. மத்தியானம் நாலு மணிக்கு என் முறை வந்துச்சு. நீ எடுத்த. வணக்கம்னு சொன்ன. பதிவு பண்ணிட்டோம்னு சொன்ன. வெச்சுட்ட."

கடிகாரத்தை அவன் இன்னும் கையில் பிடித்திருந்தான். அதில் ஓடிக்கொண்டிருந்த நிமிடக் கணக்கைப் பார்த்து நிறுத்தினான்.

"திரும்பக் கூப்பிட வேண்டியதுதானே அண்ணா" என்றாள் சின்னவள், மெதுவாக.

"ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். பின்னாடி இருபது பேர் நிக்கிறாங்க. உடனே வெச்சா, என்னடா வீட்ல பேச மாட்டேன்னுட்டாங்களான்னு கேப்பாங்க. அதனால காதுல வெச்சுக்கிட்டே நின்னேன். சாப்பிட்டேம்மா, நல்லா இருக்கேம்மா, சரிம்மான்னு நானே பேசிக்கிட்டிருந்தேன். மூணு நிமிஷம் எவ்வளவு நீளம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு."

அவன் சட்டைப் பையில் கைபேசி அலறியது. எடுத்தான், கேட்டான், "வர்றேன் சார்" என்றான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், அதை மட்டும் சொன்னான். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டான்.

அம்மா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் புயல் வாரம் நினைவிருந்தது. இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்தது, வீட்டுக்கு வந்து செருப்போடேயே படுத்தது, கால் வீங்கி நின்றது எல்லாம் வரிசையாக வந்தது. அந்த அழைப்பு மட்டும் வரவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு தேடினாள். துளிகூட இல்லை.

"நிஜமாவே உனக்கு ஞாபகம் இல்லையாம்மா?"

"இல்லடி."

சின்னவள் பையை இறக்கி வைத்துவிட்டு, பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். அம்மா எழுந்தாள். தலைகூட வாராமல் செருப்பை மாட்டினாள்.

அந்தக் கட்டடம் நாலு தெரு தள்ளி. லிஃப்ட் நின்றிருக்கிறது என்றால் ஏறத்தான் வேண்டும். மூன்றாம் மாடியில் காய்கறிப் பையோடு ஒருவர் மூச்சிரைத்துக்கொண்டு லிஃப்ட் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாம் மாடியில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழாவதில் உட்கார்ந்தே விட்டாள். காலையிலிருந்து சாப்பிட்டது ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான். அழ வேண்டும் போல இருந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

மொட்டைமாடியில் மோட்டார் அறை. கதவு திறந்திருந்தது. பெரியவன் குந்தி உட்கார்ந்து, கையெல்லாம் கிரீஸாக, ஒரு பெட்டிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கும்மா இவ்வளவு ஏறி வந்த? நான் வீட்டுக்குத்தானே வரப்போறேன்."

"வந்தா டிவியைப் போட்டுக்கிட்டு உக்காந்துடுவ."

அவன் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைத் துடைத்துக் கவிழ்த்துப் போட்டான். அம்மா அதில் உட்கார்ந்தாள். மூச்சு அடங்க நேரமாயிற்று.

"எனக்கு ஞாபகம் இல்லடா. தப்பிக்கிறதுக்குச் சொல்லல. தேடித் தேடிப் பாக்குறேன், ஒண்ணுமே வரல."

"தெரியும்மா. ஞாபகம் இருந்திருந்தா நீ ஊரெல்லாம் அப்படிச் சொல்லியிருக்க மாட்ட."

அது அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. எத்தனை வீட்டில், எத்தனை பேரிடம், இவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே!

"ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல? நாலு வருஷமாடா?"

"என்னன்னு சொல்றது? தூக்கத்துல பேசினதுக்கு ஒரு வழக்கா?" அவன் ஒரு திருகாணியை முறுக்கினான். "முதல்ல கோவம் இருந்துச்சு. அப்புறம் நானும் வேலைக்குப் போனேன். அப்புறம் புரிஞ்சுச்சு. புரிஞ்சதுக்கப்புறம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு."

படிக்கட்டின் அடியிலிருந்து ஒரு குரல் மேலே வந்தது. "ஐயா, எப்பய்யா சரியாகும்?"

"பத்து நிமிஷம் சார்!" என்று பெரியவன் எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"ஆகுமா?" என்றாள் அம்மா.

"ஒரு மணி நேரம் ஆகும்."

இரண்டு பேரும் லேசாகச் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

"எதுக்குக் கூப்பிட்ட அன்னைக்கு? என்ன சொல்லணும்னு வெச்சிருந்த?"

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"என்ன கேக்க?"

அவன் கையைக் கந்தையில் துடைத்தான். விரல் விரலாக, வேண்டிய நேரத்தைவிட அதிகமாக.

"வந்துடவான்னு கேக்க."

அம்மா டப்பாவை அவன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ வாடான்னு சொல்லியிருந்தாலும் சரி, இருடான்னு சொல்லியிருந்தாலும் சரி. எதைச் சொல்லியிருந்தாலும் நான் இருந்திருப்பேன்னு நினைக்கிறேன். கேட்டிருந்தா அது போதும். கேக்காமலே நின்னதுதான் முடியல. ரெண்டு நாள் தாக்குப் பிடிச்சேன். முட்டி எல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் புடவையில் ஒட்டியது. இந்த நாலு வருஷத்தில் இவனைப் பற்றி மனசுக்குள் என்னவெல்லாம் நினைத்தோம் என்று எண்ணிப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. நெஞ்சுரம் இல்லாதவன், சொகுசுக்காரன், அப்பனைப் போல ஒட்டாதவன்.

"மன்னிச்சுடுடா."

"விடும்மா. இப்ப அது இல்ல என் கவலை." அவன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் திருப்பிக்கொண்டான். "நீ அவ போனை எடுத்து அப்படிப் பேசினதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உன்னால இல்ல. என்னால."

"நீ என்ன பண்ண?"

"இன்னைக்குக் காலையில ஓடி முடிச்சிட்டு மைதானத்துப் படியில உக்காந்திருந்தோம். அண்ணா, நான் போகாம இருந்துடவான்னு கேட்டா. சும்மா விளையாட்டுக்குக் கேக்குற மாதிரித்தான் கேட்டா. நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன் அன்னைக்கு."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீ என்ன சொன்ன?"

"நாளைக்கு இன்னும் பத்து செகண்ட் குறைக்கணும்னு சொன்னேன்."

"அய்யோ!"

"ராத்திரி ரெண்டு எடத்துல வேலை, தூங்கவே மணி மூணாச்சு. வாட்ச்சைப் பாத்துக்கிட்டே இருந்தேன், காதுல விழுந்துச்சு, ஆனா..." பெரியவன் டார்ச்சை அணைத்தான். "அவ சரி ஐயான்னு சொல்லிட்டு எழுந்துட்டாம்மா. நானே பழக்கி விட்டதுதான். கேட்டதுக்கு மேல பேசக் கூடாதுன்னு."

அம்மா கைபேசியை எடுத்தாள். அவசரத்தில் முதல் தடவை வேறு யாருக்கோ போயிற்று, அதை வெட்டிவிட்டு மறுபடி அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கூடத்தில் பையை இறக்கி வைத்துவிட்டுப் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பி வந்தது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கடைசி மணியில் எடுத்தாள்.

"சொல்லும்மா." சின்னவளின் குரல் சுத்தமாக, விறைப்பாக இருந்தது. "அண்ணன் சாப்பிட்டானா? நான் நல்லாத்தான் இருக்கேன். துணியெல்லாம் மடிச்சிட்டேன்."

"காலையில அண்ணன்கிட்ட ஒண்ணு கேட்டியாமே."

மறுமுனையில் பையின் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது.

"அது சும்மா கேட்டதும்மா."

"சும்மாவே இருக்கட்டும். என்கிட்டயும் கேளு."

"வேணாம்மா. நீ டயர்டா இருப்ப."

"டயர்டாத்தான் இருக்கேன். எட்டு மாடி ஏறியிருக்கேன், காலே இல்ல எனக்கு. ஆனா தூங்கலை. இப்ப நான் முழிச்சிருக்கேன்டி. முதல்லேருந்து சொல்லு."

நீண்ட நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே பெரியவன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டான். கீழேயிருந்து மறுபடி யாரோ கத்தினார்கள். இந்தத் தடவை அவன் பதில் சொல்லவில்லை.

"கேட்டா நீ கோவிச்சுக்க மாட்டியே?" என்றாள் சின்னவள்.